படிவப் பெட்டிக்குள் தமிழ் ஏன் கட்டம் கட்டமாகிறது?

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு கல்லூரி விடுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்க்கை விண்ணப்பத்தை லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் தயாரித்து, பூர்த்தி செய்யக்கூடிய பிடிஎஃப் படிவமாக எக்ஸ்போர்ட் செய்து பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். 'மாணவியின் பெயர்', 'சொந்த ஊர்' போன்ற தலைப்புகள் எல்லோருக்கும் சரியாகத் தெரிகின்றன. பெட்டிக்குள் தமிழில் தட்டினால்தான் சிக்கல். சிலருக்குக் கட்டம் கட்டமாக வருகிறது, சிலருக்கு வெறும் புள்ளிகள். என் கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் ஒரு குறையும் இல்லை. லதா எழுத்துருதான் பயன்படுத்துகிறேன். 'எம்பெட் ஃபான்ட்ஸ்' டிக்கும் போட்டிருக்கிறேன். இன்னொன்று: விடுதி விதிமுறைகளை அச்சகத்தார் தந்த பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டினேன். ஒரு பெற்றோர் அதைக் காப்பி செய்து அனுப்பியபோது ஆங்கில எழுத்துகளாக வந்தது. அக்ரோபேட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

முதலில் அவசரமான விஷயம். இதுவரை வந்த படிவங்களை அழித்துவிடாதீர்கள். 'மறுபடி நிரப்பி அனுப்புங்கள்' என்று பெற்றோரைக் கேட்கவும் வேண்டாம். வெளியே கட்டமாகத் தெரிந்தாலும், அவர்கள் தட்டிய பெயர் ஃபைலுக்குள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அதை எடுக்கும் வழியைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நீங்கள் டிக் போட்ட 'எம்பெட் ஃபான்ட்ஸ்' ஃபைல் மெனுவில் பிராப்பர்ட்டீஸுக்குள் ஃபான்ட் என்ற பக்கத்தில் இருப்பதுதானே? அது ரைட்டரின் சொந்த ஓடிடி ஃபைலுக்கானது. அந்த ஃபைலை வேறொருவர் தன் ரைட்டரில் திறந்து திருத்தும்போது எழுத்துருவும் கூடவே போக வேண்டும், அதற்காக வைத்திருக்கிறார்கள். பிடிஎஃப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேர்டிலும் ஆப்ஷன்ஸில் 'சேவ்' பக்கத்தில் இதே மாதிரி ஒரு டிக் உண்டு. அதுவும் வேர்ட் ஃபைலுக்கு மட்டும்தான். (வேர்டில் இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. அங்கே படிவப் பெட்டிகள் போட்டு பிடிஎஃப்பாகச் சேமித்தால், பெட்டிகள் வெறும் படமாகிவிடும். யாராலும் அதில் தட்ட முடியாது. அந்த வகையில் நீங்கள் ரைட்டருக்கு வந்தது நல்லதுதான்.)

அந்த டிக் இல்லாமலே தலைப்புகள் எல்லோருக்கும் ஒழுங்காகத் தெரிகின்றன. காரணம், பக்கத்தில் அச்சாகும் எழுத்துக்கு வேண்டிய வடிவங்களை ரைட்டர் எக்ஸ்போர்ட் செய்யும்போதே பிடிஎஃப்புக்குள் வைத்துவிடுகிறது. ஆனால் முழு எழுத்துருவையும் வைப்பதில்லை, தேவையானதை மட்டும் பொறுக்கி வைக்கிறது. அந்தக் காலத்து அச்சகத்தில், வேலைக்கு வேண்டிய ஈய எழுத்துகளை மட்டும் எழுத்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்துக் கொடுப்பார்களே, அதே கதை. 'மாணவியின் பெயர்' என்று கோக்க ஞகரமோ ஷகரமோ வேண்டாம். அதனால் அவை உள்ளே வராது. இப்படிப் பொறுக்கி எடுத்த தொகுப்பைத்தான் சப்செட் என்கிறார்கள்.

உங்கள் பிடிஎஃப்பை அக்ரோபேட் ரீடரில் திறந்து கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் ஜன்னலில் ஃபான்ட்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். லதா பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' என்று இருக்கும். இது பக்கத்தில் அச்சான தலைப்புகளுக்கானது. அதே பட்டியலில் ஹெல்வெடிகா என்று ஒன்று, அதன் கீழே 'ஆக்சுவல் ஃபான்ட்: ஏரியல்எம்டி' என்று இருந்தால் கவனியுங்கள். ஹெல்வெடிகா ஃபைலுக்குள் இல்லை, அதற்குப் பதிலாக உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஏரியலை எடுத்து ஒப்பேற்றுகிறது என்று அர்த்தம். உங்கள் பெட்டிகளின் குட்டு பெரும்பாலும் அந்த வரியில்தான் உடையும். ஒரு சின்ன எச்சரிக்கை: படிவம் பல பக்கங்கள் என்றால் கடைசிப் பக்கம் வரை ஒருமுறை உருட்டிவிட்டு இந்தப் பட்டியலைப் பாருங்கள். இன்னும் பார்க்காத பக்கத்தின் எழுத்துரு பட்டியலில் வராமல் போகலாம்.

இனி பெட்டிக்கு வருவோம். பெற்றோர் நாளை என்ன தட்டப்போகிறார் என்று இன்று எக்ஸ்போர்ட் செய்யும் ரைட்டருக்குத் தெரியாது. ஆகவே பொறுக்கி வைப்பது இங்கே உதவாது. முழு எழுத்துருவும் உள்ளே இருந்தாக வேண்டும். ஆனால் பிடிஎஃப்பில் ஒவ்வொரு பெட்டியோடும் பொதுவாக ஒரு குறிப்பு மட்டுமே போகிறது: இந்த எழுத்துரு, இந்த அளவு, இந்த நிறம், அவ்வளவுதான். தட்டியதைத் திரையில் வரைவது, படிவத்தைத் திறந்திருக்கும் மென்பொருளின் பொறுப்பு. குறிப்பில் உள்ள எழுத்துரு ஃபைலுக்குள் இல்லாவிட்டால் அது கம்ப்யூட்டரில் தேடும். அங்கேயும் இல்லாவிட்டால் கையில் உள்ள மாற்று எழுத்துருவைப் போடும்.

அந்தக் குறிப்பில் ஹெல்வெடிகா இத்தனை அடிக்கடி வருவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. பிடிஎஃப் 1993இல் வந்தது. ஹெல்வெடிகா, டைம்ஸ், கூரியர் மூன்றிலும் நான்கு நான்கு வகை, அவற்றோடு சிம்பல், ஸாப்ஃப் டிங்பேட்ஸ் ஆக 14 எழுத்துருக்கள் எல்லா வாசிப்பு மென்பொருளிலும் இருக்கும் என்று அப்போது வைத்துக்கொண்டார்கள். அவற்றை ஃபைலுக்குள் வைக்கத் தேவையில்லை, ஃபைலின் எடையும் குறையும். படிவம் செய்யும் மென்பொருள்கள் இன்றும் பெட்டி என்றால் இந்தப் பதினான்கில் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஒன்றிலும் தமிழ் இல்லை. போதாததற்கு, பெட்டிக்கான எழுத்துருவைப் பெரும்பாலும் 256 இடங்கள் மட்டுமே உள்ள பழைய பட்டியல் முறையில் எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலில் மேலை ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. க-வுக்கு அங்கே இடமே கிடையாது. ரைட்டரில் பெட்டியின் எழுத்துருவாக லதாவை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும், பிடிஎஃப்புக்குள் போகும்போது இந்தக் குறுகிய வாசலில்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

ரூபாய்க் குறிக்கும் இதே கதிதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் அது சேர்ந்தது 2010இல். அந்த 256 இடப் பட்டியலோ அதற்கும் வெகு காலம் முந்தியது. 'ஆண்டு வருமானம்' பெட்டியில் தொகைக்கு முன்னால் ரூபாய்க் குறி தானாக வரும்படி வைத்திருந்தால், எண் சரியாக வந்து குறி மட்டும் கட்டமாக நிற்கும். பெட்டிக்கு வெளியே, தலைப்பிலேயே 'ரூ.' என்று அச்சிட்டுவிடுங்கள். வேலை முடிந்தது.

முழு எழுத்துருவையும் உள்ளே வைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா என்றால், தமிழுக்கு அப்போதும் தீராது. 'கெ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சேமிக்கும் வரிசையில் ககரம் முதலில், ஒற்றைக்கொம்பு பிறகு. கண்ணுக்குத் தெரிய வேண்டியது கொம்பு முன்னால், ககரம் பின்னால். 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் மறுபக்கம் என்று பிரிந்து நிற்க வேண்டும். 'கு', 'டி' எல்லாம் உருவமே மாற வேண்டும். இந்த இடமாற்றத்தை எழுத்துரு தானாகச் செய்யாது. எழுத்துருவுக்குள் உள்ள விதிகளைப் படித்துச் செய்து கொடுக்க ஒரு எந்திரம் வேண்டும். ரைட்டரில் ஹார்ஃபஸ் என்ற எந்திரம் இதைச் செய்கிறது. பக்கத்தில் அச்சாகும் தலைப்புகளுக்கு இந்த வேலை எக்ஸ்போர்ட் ஆகும்போதே முடிந்துவிடுவதால், பார்க்கிறவரின் மென்பொருளுக்கு வேலை மிச்சமில்லை. பெட்டியிலோ, பார்க்கிறவரின் மென்பொருளே அந்த இடத்தில் அந்த நேரத்தில் செய்தாக வேண்டும். அதற்கு அந்தத் திறன் இல்லாவிட்டால், எழுத்துரு முழுதாகக் கையில் இருந்தும் கொம்பு இடம் மாறியோ, வெறும் புள்ளி வட்டத்தின் மேல் தொங்கியோ வரும்.

அப்படியானால் ஃபயர்ஃபாக்ஸில் எப்படிச் சரியாக வந்தது? ஃபயர்ஃபாக்ஸ் பிடிஎஃப் பக்கத்தை வரைந்துவிட்டு, ஒவ்வொரு படிவப் பெட்டியின் மேலும் தன்னுடைய வலைப்பக்கப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறது. நீங்கள் தட்டுவது அதில்தான். இணையப் பக்கத்தில் தமிழ் எப்படித் தெரியுமோ அப்படித்தான் அங்கேயும் தெரியும். பிடிஎஃப்புக்குள் இருக்கும் எழுத்துருவின் லட்சணம் அதில் வெளிப்படாது. ஆகவே ஃபயர்ஃபாக்ஸில் தட்டிப் பார்த்து 'சரி' என்று முடிவெடுப்பது இந்த விஷயத்தில் சோதனையே ஆகாது. சேமித்து, வேறு மென்பொருளில் திறந்து, அச்சும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். அக்ரோபேட் ரீடரில் பெட்டிக்குள் கர்சர் இருக்கும்வரை ஒரு மாதிரி தெரியும். வெளியே கிளிக் செய்ததும் புள்ளியாக மாறும். தட்டிக்கொண்டிருக்கும்போது வரைவது ஒரு வழி, தட்டி முடித்ததும் ஃபைலில் வரைந்து வைக்கும் தோற்றம் வேறு வழி. பெற்றோர் சிலர் 'எனக்கு நன்றாகத்தானே தெரிந்தது' என்று சாதித்திருப்பார்களே, அவர்களும் பொய் சொல்லவில்லை.

இப்போது, வந்து குவிந்திருக்கும் படிவங்கள். பிடிஎஃப் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டை வைத்திருக்கிறது: தட்டிய மதிப்பு, அதன் தோற்றம். மதிப்பு யூனிகோடாகவே சேமிக்கப்படும். கெட்டுப்போனது தோற்றம் மட்டும்தான். கட்டமாகத் தெரியும் ஒரு பெட்டிக்குள் கிளிக் செய்து, அதில் உள்ளதை எல்லாம் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'கௌசல்யா' என்று தமிழில் வந்து நிற்கும். அதே படிவத்தை உங்கள் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தாலும் பெட்டிகளில் தமிழ் தெரியும்; இந்த ஒரு வேலைக்கு ஃபயர்ஃபாக்ஸ் நல்ல துணை.

பத்து இருபது படிவம் என்றால் இப்படிக் கையாலேயே எடுத்துவிடலாம். நூற்றுக்கணக்கில் என்றால் பிடிஎஃப்டிகே என்ற இலவசக் கருவி இருக்கிறது. கட்டளை வரியில் இயங்குவது. உங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் துறையில் யாராவது ஒருவருக்கு அரை மணி நேர வேலை. படிவத்தின் பெட்டிப் பெயர்களையும் மதிப்புகளையும் அது பட்டியலாகக் கொட்டும். அதில் 'டம்ப் டேட்டா ஃபீல்ட்ஸ்' என்று ஒரு கட்டளை, அதே பெயரோடு 'யூடிஎஃப்8' சேர்ந்த இன்னொரு கட்டளை. இரண்டாவதைத்தான் கொடுக்கச் சொல்லுங்கள். முதலாவதைக் கொடுத்தால் ககரத்துக்குப் பதில் 2965 என்ற எண்ணும் அதைச் சுற்றிச் சில குறிகளுமாக வந்து, 'இதுவும் கெட்டுப்போச்சு' என்று பயமுறுத்திவிடும். கெட்டுப்போகவில்லை, யூனிகோட் பட்டியலில் க-வின் எண் அது.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. 'பிளாட்டன்' செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பெட்டிகளை நீக்கி, தெரிவதைப் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிவிடுவதுதான் பிளாட்டன். கட்டமாகத் தெரிந்தால் கட்டமே ஒட்டும். மதிப்பு போய்விடும், அப்புறம் அந்தப் பெயரைத் திரும்ப எடுக்க வழியில்லை. கட்டமாகத் தெரிந்த படிவத்தை அப்படியே அச்சடித்து ஸ்கேன் செய்து அனுப்பிய பெற்றோர் இருந்தால், அவர்களிடம் மட்டும்தான் மறுபடி கேட்க வேண்டிவரும்.

அடுத்தது லதா. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து நம்மோடு இருந்த எழுத்துரு என்பதால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்று நினைக்கிறோம். விண்டோஸ் 10 வந்தபோது லதாவையும் விஜயாவையும் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற கூடுதல் தொகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். தமிழை மொழியாகச் சேர்த்த கம்ப்யூட்டரில் அது வரும், மற்றவற்றில் நாமே போய்ச் சேர்த்தால்தான் உண்டு. இயல்பாகவே இருப்பது நிர்மலா யூஐ. ஆப்பிள் கம்ப்யூட்டரில் இது எதுவும் இல்லை. அங்கே தமிழ் சங்கம் எம்என், இணைமதி போன்றவை. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் நோட்டோ. ஆக, பெயரை மட்டும் எழுதி அனுப்பி 'அங்கே இருக்கும்' என்று நம்புவதற்கு ஏற்ற தமிழ் எழுத்துரு ஒன்றுகூட கிடையாது.

புது எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது அதன் உரிமத்தையும் ஒரு பார்வை பாருங்கள். எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே, இதை ஆவணத்துக்குள் வைக்கலாமா என்று ஒரு குறி இருக்கும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல் வழியாக ஃபான்ட்ஸ் பகுதிக்குப் போனால் 'ஃபான்ட் எம்பெடபிலிட்டி' என்ற பத்தியில் அதைப் பார்க்கலாம். 'பிரின்ட் அண்ட் பிரிவியூ' என்றிருந்தால் பார்க்கவும் அச்சிடவும் மட்டுமே அனுமதி. பூர்த்தி செய்யும் படிவத்துக்கு அது போதாது. 'எடிட்டபிள்' அல்லது 'இன்ஸ்டாலபிள்' வேண்டும். 'ரெஸ்ட்ரிக்டட்' என்றால் கிட்டேயே போகாதீர்கள். எனக்குப் பிடித்தது நோட்டோ சான்ஸ் தமிழ். பத்திரிகை மாதிரித் தோற்றம் வேண்டுமானால் நோட்டோ செரிஃப் தமிழ். இரண்டும் திறந்த உரிமத்தில் வருபவை, தாராளமாக உள்ளே வைக்கலாம். சீன எழுத்துரு மாதிரி ஆயிரக்கணக்கான வடிவங்கள் தமிழில் இல்லாததால் முழுசாக வைத்தாலும் ஃபைல் பெரிதாக வீங்காது.

விடுதி விதிமுறைகள் விஷயம் முற்றிலும் வேறு நோய். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அச்சகத்தார் தந்தது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் இருக்கிறது. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரியும். ஃபைலில் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். உருவம் பிடிஎஃப்புக்குள் இருப்பதால் பார்க்கவும் அச்சிடவும் சரியாக இருக்கிறது. காப்பி செய்தால், தேடினால், பார்வையற்றவர் பயன்படுத்தும் வாசிப்பான் படித்தால் சாயம் வெளுத்துவிடும். எழுத்துருவை எப்படி உள்ளே வைத்தாலும் இது மாறாது. தமிழ்நாடு அரசே யூனிகோடுக்கு மாறச் சொல்லி 2010இல் ஆணை போட்டுவிட்டது. ஆனால் அச்சகங்களின் பழைய ஃபைல்களில் பாமினி இன்னும் உயிரோடு இருக்கிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு கருவியில் அந்தப் பகுதியை யூனிகோடாக மாற்றி மறுபடி ஒட்டுங்கள். மாற்றியதும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நடுவில் 'வாட்ஸ்அப்' என்றோ மின்னஞ்சல் முகவரியோ ஆங்கிலத்தில் இருந்திருந்தால், கருவி அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழில் உளறி வைத்திருக்கும்.

அச்சகத் தொழிலில் உள்ளவர்கள் 'பெட்டிக்குப் பாமினியையே போடுங்கள், பிரமாதமாக வரும்' என்று உங்களிடம் சொல்லலாம். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. பாமினி 256 இடத்துக்குள் அடங்கும், கொம்பை முன்னால் தட்டியே பழக்கம், இடம் மாற்றும் எந்திரம் தேவையில்லை. பழைய பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். ஆனால் உங்களிடம் வந்து சேரும் மதிப்பு தமிழாக இருக்காது. பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தக்கூட முடியாது. தவிர, பாமினி விசைப்பலகை எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

சரி, என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால், பெற்றோர் தமிழில் தட்ட வேண்டிய இடத்துக்குப் பிடிஎஃப் பெட்டி சரியான கருவியே இல்லை. உங்கள் படிவம் போவது வாட்ஸ்அப்பில். திறப்பது பெரும்பாலும் போனில். போனில் உள்ள பல பிடிஎஃப் வாசிப்பான்களில் பெட்டியில் தட்டவே முடியாது. யார் எதில் திறப்பார்கள் என்று தெரியாத நிலையில் எழுத்துருவோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. தகவலை ஒரு இணையப் படிவத்தில் வாங்குங்கள். கூகிள் ஃபார்ம்ஸ் போதும். அங்கே தமிழ் தட்டுவதில் இந்தத் தொல்லை எதுவும் வராது. வந்த பதில்களை விரிதாளாக இறக்கி, லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் திறந்து, ரைட்டரில் நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் அதே விண்ணப்பத்தில் மெயில் மெர்ஜ் செய்யுங்கள், அதாவது விரிதாளின் ஒவ்வொரு வரியையும் விண்ணப்பத்தில் தானாக நிரப்ப வையுங்கள். ஒவ்வொரு மாணவிக்கும் நிரப்பிய விண்ணப்பம் பிடிஎஃப்பாக வரும். இந்த வழியில் பெயரும் ஊரும் பெட்டிக்குள் இல்லாமல் பக்கத்தில் அச்சான எழுத்தாகவே போவதால், கொம்பும் காலும் ரைட்டரிலேயே ஒழுங்காகி, வேண்டிய வடிவங்களும் தாமாகவே உள்ளே சேர்ந்துவிடுகின்றன. பெற்றோர் கையெழுத்துக்கு அதை அச்சடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வந்த படிவங்களிலிருந்து பிடிஎஃப்டிகே எடுத்துத் தரும் பட்டியலையும் அதே விரிதாளில் சேர்த்துவிடலாம்.

இணையமே வேண்டாம், எல்லோரும் அச்சடித்துப் பேனாவால்தான் நிரப்புவார்கள் என்றால் இன்னும் சுலபம். எக்ஸ்போர்ட் ஜன்னலில் 'கிரியேட் பிடிஎஃப் ஃபார்ம்' டிக்கை எடுத்துவிடுங்கள். பெட்டிகள் கோடுகளாக மட்டும் அச்சாகும். அப்போது ஆவணக் காப்புக்கான பிடிஎஃப்/ஏ வகையிலும் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம். அந்தத் தரத்தில் அச்சாகும் எழுத்துருக்கள் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. பூர்த்தி செய்யும் படிவம் வேண்டும்போது மட்டும், பிடிஎஃப்/ஏவைத் தேர்ந்தெடுத்ததும் படிவ டிக் தானாக மங்கிவிடுகிறதா என்று பாருங்கள். மங்கினால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

பிடிஎஃப் பெட்டிதான் வேண்டும் என்று மேலிடத்தில் பிடிவாதம் பிடித்தால், பெட்டிகளை ஆங்கிலத்திலும் எண்ணிலும் நிரப்புவதற்கு மட்டும் வையுங்கள்: ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், மதிப்பெண். தலைப்புகள் தமிழில் இருக்கட்டும். ஹெல்வெடிகா இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். பிறந்த ஊர், தந்தையின் தொழில் மாதிரி தமிழில் வேண்டியவற்றை மேலே சொன்ன இணையப் படிவத்துக்குத் தள்ளுங்கள். தலைப்பிலேயே '(ஆங்கிலத்தில்)' என்று எழுதிவிடுவது நல்லது. நம் மக்கள் தமிழ்த் தலைப்பைப் பார்த்தால் தமிழில்தான் தட்டுவார்கள், அது நியாயமும்கூட.

எப்படிச் செய்தாலும் வெளியே அனுப்புமுன் தமிழ் எழுத்துரு எதுவும் கூடுதலாகச் சேர்க்காத ஒரு கம்ப்யூட்டரிலும், ஒரு போனிலும், அச்சுத்தாளிலும் பார்த்துவிடுங்கள். சோதனைக்கு 'தமிழ்', 'அம்மா' என்று எளிதானதைப் போடாதீர்கள். ஸ்ரீதேவி, லக்ஷ்மி, கௌசல்யா, ஷைலஜா, நொச்சியம், தூத்துக்குடி. இவை ஒழுங்காக வந்தால் உங்கள் சேர்க்கைப் பட்டியலில் உள்ள எல்லோருமே வந்துவிடுவார்கள். பெட்டியின் உயரத்தையும் கவனியுங்கள்: ஆங்கிலத்துக்கு அளவாக வைத்த பெட்டியில் 'ஸ்ரீ' மேலேயோ கீழேயோ வெட்டுப்படும்.

அக்ரோபேட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் சொல்லும் வழிக்கு அது தேவையில்லை. அக்ரோபேட் புரோவில் பெட்டியின் பிராப்பர்ட்டீஸில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அதைத் திறக்கும் பெற்றோரின் மென்பொருளுக்குக் கொம்பையும் காலையும் இடம் மாற்றி வைக்கத் தெரியுமா என்பதை உங்கள் அலுவலகத்தில் இருக்கும் அக்ரோபேட் முடிவு செய்ய முடியாது. மேலிடத்தில் வாங்கியே தீருவோம் என்றால், முதலில் சோதனைக் காலத்தில் ஒரே ஒரு பெட்டி உள்ள படிவம் செய்து, மேலே சொன்ன ஆறு பெயர்களையும் அலுவலகத்தில் உள்ள நாலைந்து பேர் தங்கள் போனில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.